மாதிரிக் கணக்கும் மெய்ச் செய்தியும்

கரியமிலவாயுவைக் குளிரால் பிரிக்கும் முறை பற்றி ஒரு கருத்து

நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பற்றிய குறிப்புகளும் ஆராய்ச்சிச் சுருக்கங்களும் அண்மைக் காலத்தில் மொழிபெயர்ப்புக்காக அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதென்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு அறிவித்த பின்னர் இத்துறையில் அக்கறை பெருகியிருப்பது இயல்பே. இம்முறைகளுள் ஒன்று, புகையைக் கடுமையாகக் குளிர்வித்து, அதிலுள்ள கரியமிலவாயுவை மட்டும் உறையச் செய்து, வெண்ணிறத் திடப்பொருளாகப் பிரிப்பதாகும். கேட்பதற்கு எளிய முறையே. ஆயினும் இதைப் பற்றி வரும் கட்டுரைகளுள் பெரும்பாலானவற்றில் யந்திரம் தாளின்மீதும் கணிப்பொறியினுள்ளும் மட்டுமே ஓடுகின்றது. அவை மாதிரிக் கணக்குகள்.

அக்கணக்குகளை நான் குறைகூற வரவில்லை. அவற்றைத் தமிழில் நாம் எடுத்துரைக்கும் வகையிலே ஒரு குறை இருக்கின்றது. அதைப் பற்றியே எழுத விரும்புகின்றேன். ஒரு கணக்கின் முடிவை அதன் நிபந்தனைகளிலிருந்து பிரித்து அச்சிடுவது பிழை. இப்பிழையை நம்போன்ற வெளியீடுகள், வாசகருக்கு எளிமையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே செய்துவருகின்றன. அதன் பலனை அனுபவிப்பவர்களோ, மக்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டிய களப்பணியாளரும், மாணவர் முன் நின்று விளக்க வேண்டிய ஆசிரியரும் ஆவர்.

ஓர் ஆசிரியரின் கடிதம்

முதலில் என் பிழையையே சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், குளிர்முறை பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கும்போது, "கரியமிலவாயு பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரியில் உறைந்துவிடும், ஆகவே புகையை அவ்வளவுக்குக் குளிர்வித்தால் போதும்" என்று எழுதினேன். மூலத்தில், "தூய வாயுவாக, ஒரு வாயுமண்டல அழுத்தத்தில்" என்ற சொற்கள் இருந்தன. வாக்கியம் நீண்டுவிட்டதென்று அவற்றை நான் விட்டுவிட்டேன். அவ்வாறு விட்டபின் இரண்டாம் பகுதியும் தானாக மாறிப்போயிற்று. மூலத்தில் இல்லாத "போதும்" என்ற சொல் அங்கே வந்து அமர்ந்தது.

குறிப்பு வெளிவந்த சில வாரங்களில் ஒரு பௌதிக ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: "தென் துருவக் கண்டத்தில் வோஸ்டோக் என்னுமிடத்தில் 1983 ஜூலை 21 அன்று பூஜ்யத்துக்குக் கீழ் 89.2 டிகிரி பதிவாயிற்று என்று பாடத்தில் படித்த மாணவி ஒருத்தி, 'அப்படியானால் அன்று அங்கே கரியமிலவாயு பனியாகப் பெய்திருக்க வேண்டுமே, ஐயா, பெய்ததா?' என்று கேட்டாள். தங்கள் குறிப்பை வைத்துக்கொண்டு என்னால் விடை சொல்ல முடியவில்லை. தயவுசெய்து விளக்கவும்."

அன்று எனக்கும் விடை தெரியவில்லை. நூல்களைப் புரட்டியும் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகே, நான் விட்டுவிட்ட சில சொற்களுக்குள் முழு விஷயமும் அடங்கியிருந்தது என்பது புலப்பட்டது.

செம்பின்மேல் பனித்த நீர்

விளக்கம் நம் வீட்டிலேயே இருக்கின்றது. நீராவி 100 டிகிரியில் நீராகும் என்று பள்ளியில் கற்பிக்கின்றோம். நம் அறையின் காற்று 30 டிகிரியில் இருக்கின்றது; அதில் நீராவியும் இருக்கின்றது. ஆயினும் அது நீராகிச் சொட்டுவதில்லை. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தேதான், சுமார் 24 டிகிரிக்குக் கீழே, துளிகளாக அரும்புகின்றது. காரணம் என்ன? 100 டிகிரி என்பது 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் உள்ள தூய நீராவிக்கு உரிய எண். காற்றில் கலந்திருக்கும் நீராவியின் பங்கு அழுத்தமோ 22 மில்லிமீட்டர் அளவே. எவ்வளவு பங்கு அழுத்தமோ, அதற்கேற்ற உஷ்ணநிலைக்கு இறங்கினால்தான் ஆவி நீராகும்.

கரியமிலவாயுவுக்கும் இதுவே விதி. ஒரே வேறுபாடு, 5 வாயுமண்டலத்துக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் இருந்தாலன்றி அது திரவமாவதில்லை. வாயு நிலையிலிருந்து நேரே திடமாகின்றது. ஐஸ்கிரீம் பெட்டிகளில் வைக்கும் உலர் பனிக்கட்டி அத்திடப்பொருளே. அதன் ஆவியழுத்தம் 760 மில்லிமீட்டராக இருப்பது −78 டிகிரியை ஒட்டி. −100 டிகிரியில் அது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர், −108.6 டிகிரியில் 40, −119.5 டிகிரியில் 10. −134 டிகிரியில் ஒரே ஒரு மில்லிமீட்டர். காற்றில் கரியமிலவாயுவின் பங்கு பதினாயிரத்தில் நான்கு என்ற அளவினது. பங்கு அழுத்தம் 0.3 மில்லிமீட்டர். அது உறைய −140 டிகிரி வேண்டும். ஆகவே வோஸ்டோக்கின் −89 டிகிரியில் கரியமிலவாயுப் பனி பெய்ய வழியில்லை. செவ்வாய்க் கிரகத்திலோ காற்று மிக மெல்லியது எனினும் அதில் பெரும் பங்கு கரியமிலவாயுவே. அழுத்தம் நான்கைந்து மில்லிமீட்டர். ஏறத்தாழ −125 டிகிரியில் உறைந்துவிடும். குளிர்காலத்தில் அக்கிரகத்தின் துருவங்களில் அவ்வளவு குளிர் உண்டு. அங்கே கரியமிலவாயு உறைந்து படிவது விண்கலங்களால் அறியப்பட்ட உண்மை.

இவ்விளக்கத்தை அந்த ஆசிரியருக்கு எழுதி அனுப்பினேன். மாணவியின் கேள்வி என் வாக்கியத்தைவிட மேலானது என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

கரும்பலகைக் கணக்கு

இனி அனல் மின் நிலையத்துப் புகைக்கு வருவோம். நீராவியை முன்னரே நீக்கிவிட்டதாகக் கொண்டால், நிலக்கரிப் புகையில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு கரியமிலவாயு. எஞ்சியது பெரும்பாலும் நைட்ரஜன். அழுத்தம் ஒரு வாயுமண்டலம். எனவே கரியமிலவாயுவின் பங்கு அழுத்தம் 760-இல் 14 விழுக்காடு, அதாவது 106 மில்லிமீட்டர். மேற்கண்ட எண்களைப் பார்த்தால், −100 டிகிரியை நெருங்கும்போதுதான் முதல் வெண்துகள் தோன்றும் என்பது தெரியும். −78 டிகிரியில் ஒரு துகளும் உறையாது.

நூற்றுக்கு 90 பங்கைப் பிடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? 14 பங்கில் 12.6 பங்கு உறைந்து நீங்க, 1.4 பங்கு எஞ்சும். இங்கே மாணவர் தவறும் இடம் ஒன்று உண்டு. எஞ்சிய விகிதம் 1.4 விழுக்காடு அன்று. மொத்த வாயுவும் 87.4 பங்காகக் குறைந்துவிட்டபடியால், விகிதம் 1.6 விழுக்காடு, பங்கு அழுத்தம் 12 மில்லிமீட்டர். அதற்குரிய உஷ்ணநிலை சுமார் −118 டிகிரி. 99 விழுக்காடு பிடிக்க விரும்பினால் −133 டிகிரி வரை செல்ல வேண்டும். இயற்கை எரிவாயுவை எரிக்கும் சுழலியின் புகையில் கரியமிலவாயு 4 விழுக்காட்டளவே இருப்பதால், அங்கே 90 விழுக்காட்டுக்கே −127 டிகிரி தேவை.

ஆசிரிய நண்பர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் செய்து காட்டலாம். இதுவும் ஒரு மாதிரிக் கணக்கே. ஆராய்ச்சி நிலையங்களில் கணிப்பொறியைக் கொண்டு செய்யும் கணக்குகள் இதன் வழிவந்தவையே. இது சொல்வது ஒன்றே: உறையக்கூடிய அளவுக்கு எல்லை எது என்பது. அவ்வெல்லையை எட்ட எத்தனை நேரமாகும், எவ்வளவு செலவாகும், வழியில் எது அடைத்துக்கொள்ளும் என்பவற்றைப் பற்றி இது வாய் திறப்பதில்லை.

குளிரின் விலை

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நான் சொல்ல வந்த கருத்துக்கு இதுவே நல்ல சான்று.

ஒரு கிலோ கரியமிலவாயு திடமாக உறையும்போது ஏறத்தாழ 570 கிலோஜூல் வெப்பத்தை அதனின்று எடுக்க வேண்டும். அதனுடன் கலந்துவரும் நைட்ரஜனோ 4.3 கிலோ. நமக்கு வேண்டாத அந்த நைட்ரஜனையும் 30 டிகிரியிலிருந்து −118 டிகிரி வரை குளிர்வித்தே தீர வேண்டும். அதற்கு மட்டும் சுமார் 670 கிலோஜூல். கரியமிலவாயு உறைநிலை வரை குளிர மேலும் 120 கிலோஜூல். ஆக மொத்தம் ஏறத்தாழ 1,360 கிலோஜூல்.

இவ்வெப்பம் முழுவதையும் −118 டிகிரியிலிருந்து எடுத்து வெளியே 30 டிகிரியில் விட வேண்டும் என்று கொள்வோம். கார்னோ 1824-இல் காட்டிய வழிப்படி, குறையே இல்லாத குளிர்ப்பதன யந்திரங்கூட ஒரு கிலோஜூல் வெப்பத்தை எடுக்க 0.95 கிலோஜூல் வேலையை விழுங்கும். நம் யந்திரம் அந்த இலட்சிய யந்திரத்தில் பாதித் திறமையுடையது என்றால், செலவு இருமடங்காகும். ஒரு கிலோ கரியமிலவாயுவுக்கு 2,600 கிலோஜூல், அதாவது 0.72 யூனிட் மின்சாரம். நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமிலவாயு வெளிப்படுகின்றது. அதில் 90 விழுக்காட்டைப் பிடிப்பதானால், நிலையம் செய்யும் மின்சாரத்தில் ஐந்தில் மூன்று பங்கு அதன் புகையைக் குளிர்விக்கவே போய்விடும். எந்த நாடும் இதை ஏற்காது.

இப்போது ஒரே ஒரு நிபந்தனையை மாற்றுவோம். குளிர்ந்து வெளியேறும் நைட்ரஜனை, உள்ளே வரும் சூடான புகைக்கு எதிர்த்திசையில் ஓடவிட்டு, அதன் குளிர்ச்சியைப் புகை வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். நல்ல வெப்பமாற்றி அமைந்து, நைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் குளிர்விக்கச் செல்லும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறு மீளுமென்று வைத்துக்கொண்டால், யந்திரம் எடுக்க வேண்டிய வெப்பம் 650 கிலோஜூலாகக் குறைகின்றது. செலவு 1,240 கிலோஜூல், 0.34 யூனிட். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உறைந்த கரியமிலவாயுவின் குளிர்ச்சியையும் பயன்படுத்தினால் இன்னும் குறையும்.

புகை அதுவே, 90 விழுக்காடும் அதுவே, −118 டிகிரியும் அதுவே. ஒரு நிபந்தனை மாறியது. விடை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அப்படியிருக்க, "குளிர்முறைக்கு இவ்வளவு மின்சாரம் செலவாகும்" என்று ஒற்றை எண்ணை மட்டும் அச்சிட்டு வாசகர் கையில் கொடுப்பது என்ன நியாயம்? முதல் எண்ணைக் கண்டவர் இம்முறையை வீண் என்பார். இரண்டாம் எண்ணைக் கண்டவர் நாளைக்கே நிறுவலாம் என்பார். இருவர் கையிலும் இருப்பது அரைச் செய்தி.

கணக்குக்கு வெளியே நிற்பவை

அந்தப் பத்தில் ஒன்பது பங்கு என்ற நிபந்தனையையும் சற்று உற்றுநோக்க வேண்டும். வெண்பனி எங்கே படிகின்றது? வெப்பமாற்றியின் சுவரிலேதான். படியப் படிய அது சுவருக்கும் புகைக்கும் இடையே ஒரு போர்வையாகிவிடும். வெப்பம் கடக்கும் வேகம் குறையும். குழாயின் வாயும் ஒடுங்கும். கணக்கு நன்றாக நடந்ததன் பயனாலேயே அக்கணக்கின் நிபந்தனை சிதைகின்றது. புகையில் எஞ்சிய நீராவி அதற்கு முன்னரே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும்.

இது புதிதாகக் கண்ட தொல்லையும் அன்று. ஜெர்மனியில் லிண்டே 1895-இல் காற்றைப் பெருமளவில் திரவமாக்கிக் காட்டினார். அதன்பின் எழுந்த பிராணவாயுத் தொழிற்சாலைகளில், காற்றிலுள்ள சிறிதளவு கரியமிலவாயு உறைந்து குழாய்களை அடைப்பது தீராத இடையூறாக இருந்தது. அதனால் இன்றும் காற்றைக் குளிர்விக்கும் முன்னரே அதை நீக்கிவிடுகின்றனர். அங்கே இடையூறாக இருந்த நிகழ்ச்சியை இங்கே நோக்கமாகக் கொள்கின்றோம். எனினும் அதன் இயல்பு மாறிவிடவில்லை.

இவ்விடையூற்றைச் சமாளிக்க அறிஞர் பல வழிகளை நாடியிருக்கின்றனர். நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2010, 2011 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், முன்னரே குளிர்வித்த திடப்பொருள் துணுக்குகள் நிரம்பிய படுகையின் வழியே புகையைச் செலுத்தும் முறை ஆராயப்பட்டது. நீர் ஓரிடத்திலும் கரியமிலவாயு வேறோரிடத்திலும் படிய, அடைப்பு நேரும் முன்னரே படுகையை மாற்றிவிடலாம். இங்கே பாராட்டத்தக்கது, அவர்கள் கணக்கோடு நின்றுவிடாமல் சிறு சோதனைச் சாதனம் அமைத்து இரண்டையும் ஒப்பிட்டதாகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், உறையாத குளிர்ந்த திரவத்தினூடே புகையைச் செலுத்தி, கரியமிலவாயுவைத் திரவத்துக்குள்ளேயே துகளாக்கும் முறை வளர்ந்தது. பனி சுவரில் படிவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

அழுத்தம் மிகுந்த இயற்கை எரிவாயுவிலிருந்து கரியமிலவாயுவைப் பிரிப்பதில் வேறொரு தடை உண்டு. அங்கே நம் கரும்பலகைக் கணக்கின் எளிய விதி பிழைபடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் சேர்த்தாக வேண்டும். வான்டெர்வால்ஸ் 1873-இல் தொடங்கிவைத்த சமன்பாட்டு வரிசையில் பெங், ராபின்சன் இருவரும் 1976-இல் தந்த சமன்பாடு இன்று பெரிதும் வழங்குகின்றது. ஆனால் அது வாயுவுக்கும் திரவத்துக்கும் ஆக்கப்பட்டது. திடப்பொருளைப் பற்றி அதற்குத் தெரியாது. திடநிலையைத் தனியே சேர்க்காமல் அதனிடம் கேட்டால், உறைந்து அடைத்திருக்க வேண்டிய இடத்தில் திரவம் தடையின்றி ஓடுவதாக விடை தரும். கணக்கில் தவறு இராது. கேட்ட கேள்வியிலே தவறு இருக்கும். இத்தகைய எரிவாயுவில் கரியமிலவாயுவைத் திட்டமிட்டே உறையச் செய்து பிரிக்கும் கோபுரம் ஒன்று 1980-களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சோதிக்கப்பட்டது. அடுத்த பெரிய சோதனை நிலையம் வையோமிங் மாநிலத்தில் ஓடுவதற்குள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தாளிலிருந்து தளத்துக்குச் செல்லும் தொலைவு அத்தகையது.

'மாதிரி' என்னும் சொல்

இவ்வளவும் தெரிந்த பின்னும் மொழிபெயர்ப்பாளன் இடறும் இடம் ஒன்று இருக்கின்றது. கணித உருவத்தைக் குறிக்க நாம் வழங்கும் சொல் 'மாதிரி'. நம் வாசகர் இச்சொல்லை எங்கே அறிவார்? ஜவுளிக் கடையில் காட்டும் மாதிரித் துணி, வேளாண்மைத் துறையின் மாதிரிப் பண்ணை, மாதிரிப் பள்ளி, மாதிரிக் கிராமம். இவையெல்லாம் கண்ணால் காணத்தக்கவை, பிறர் பின்பற்றத்தக்கவை. ஒருமுறை, கணக்கில் மட்டுமே இருந்த ஒரு நிலையத்தை நான் 'மாதிரி நிலையம்' என்று எழுதிவிட்டேன். களப்பணியாளர் ஒருவர், "அந்நிலையம் எந்த ஊரில் இருக்கின்றது? எங்கள் வட்டாரத்தினர் சிலரை அழைத்துச் சென்று காட்ட அனுமதி கிடைக்குமா?" என்று கேட்டு எழுதினார். அவர் தமிழைச் சரியாகவே படித்திருந்தார். அது முதல் 'மாதிரிக் கணக்கு' என்று இரு சொல்லையும் சேர்த்தே எழுதிவருகின்றேன். நிலையம் என்ற சொல்லை, செங்கல்லும் இரும்பும் உள்ள இடத்துக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது.

வினைச்சொல்லிலும் இதே அபாயம் உண்டு. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பது இயற்கை நியதி. 'நாளை மழை பெய்யும்' என்பது எதிர்பார்ப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைமுற்று. ஆதலின், 'இம்முறை 90 விழுக்காட்டைப் பிரிக்கும்' என்று எழுதினால், கணக்காளரின் எதிர்பார்ப்பு படிப்பவர் மனத்தில் இயற்கை நியதியாகிவிடும். 'பிரித்தது' என்பது சோதனைக்கு உரியது. 'பிரிக்கும் என்று கணக்கு கூறுகின்றது' என்பது மாதிரிக்கு உரியது. 'பிரிக்கக்கூடும்' என்பது கருத்துக்கு உரியது. இம்மூன்றையும் மாற்றி எழுதுவது நடைப்பிழை அன்று, பொருட்பிழை.

இரு மறுப்புகள்

என் கருத்துக்கு நண்பர்கள் இரு மறுப்புகள் கூறுவதுண்டு. நிபந்தனைகளை அடுக்கினால் வாசகர் சலித்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது ஒன்று. நம் வாசகரை நான் அவ்வளவு எளியவராக எண்ணவில்லை. உரத்தின் அளவைச் சொல்லும்போது மண்ணையும் பருவத்தையும் சொல்லாவிட்டால் விவசாயியே அதை ஏற்கமாட்டார், "எந்த மண்ணுக்கு?" என்று உடனே கேட்பார். விவசாயி கேட்கும் கேள்வியை ஆசிரியரும் களப்பணியாளரும் கேட்கமாட்டார்கள் என்று கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும். நிபந்தனையைச் சொல்ல ஒரு பக்கமும் தேவையில்லை. "தூய வாயுவாக, ஒரு வாயுமண்டல அழுத்தத்தில்" என்பது ஐந்தே சொற்கள்.

இவ்வாறு ஐயத்தை வளர்த்தால் விஞ்ஞானத்தின்மேல் மக்களின் நம்பிக்கை குறையும் என்பது மற்றொரு மறுப்பு. எனக்கோ இதற்கு நேர்மாறான அச்சம். இன்று நிபந்தனையின்றி 90 விழுக்காடு என்று நாம் சொல்வதை, ஊர்க்கூட்டத்தில் களப்பணியாளர் வாக்குறுதியாகச் சொல்வார். கட்டப்பட்ட நிலையம் 60 விழுக்காட்டில் தடுமாறினால், பொய்யர் என்ற பெயர் கணக்கிட்டவருக்கு வருவதில்லை, மொழிபெயர்த்தவனுக்கும் வருவதில்லை, அந்த ஊரிலேயே இருக்க வேண்டிய அப்பணியாளருக்குத்தான் வருகின்றது. அடுத்த முறை தடுப்பூசியைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ அவர் உண்மையையே சொன்னாலும் கேட்பார் குறைவு.

மாதிரிக் கணக்குகள் பயனற்றவை என்று நான் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டா. அவை இல்லாவிட்டால், நைட்ரஜனின் குளிர்ச்சியை மீட்காத யந்திரத்தைக் கோடிகள் செலவிட்டுக் கட்டிய பிறகே அதன் வீண்செலவை உணர்வோம். குளிர்முறையின் நன்மைகளையும் அவையே தெளிவாகக் காட்டுகின்றன. உறையும் திடப்பொருள் பெரும்பாலும் தூய கரியமிலவாயுவே. அதை மூடிய கலத்தில் அழுத்தத்தோடு உருக்கித் திரவமாக்கிக் குழாயில் செலுத்தலாம். வாயுவைப் படிப்படியாக அழுத்தும் பெருஞ்செலவு பெரும்பாலும் மிச்சமாகும். கரைசல்களைச் சூடாக்கி மீட்கும் வேலையும் இல்லை. இவை மெய்யான சிறப்புகள். இவற்றை உரிய நிபந்தனைகளோடு சொன்னாலும் இவற்றின் மதிப்பு குறைந்துவிடாது.

நான்கு கேள்விகள்

ஆகவே, வாயுக்களைப் பிரிப்பது பற்றி எந்த எண் தங்கள் கைக்கு வந்தாலும், வாசக நண்பர்கள் நான்கு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

முதலாவது, இது அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா?

இரண்டாவது, எந்தக் கலவைக்கு, எந்த அழுத்தத்தில்? 14 விழுக்காட்டுப் புகைக்கு உரிய எண்ணை 4 விழுக்காட்டுப் புகைக்கும் வெளிக்காற்றுக்கும் ஏற்றிச் சொல்லலாகாது.

மூன்றாவது, எவற்றை இல்லையென்று வைத்துக்கொண்டார்கள்? நீராவி, கந்தக வாயு, சுவரில் படியும் பனி, வெளியிலிருந்து கசியும் வெப்பம் ஆகியவை கணக்கில் உண்டா?

நான்காவது, எந்த அளவில்? விந்தியாசல் அனல் மின் நிலையத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பிரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 20 டன் கரியமிலவாயுவுக்கென அமைந்தது. அது குளிர்முறை அன்று. அமீன் கரைசல் முறையைச் சார்ந்தது. முழுத் திறனில் ஓடும் 500 மெகாவாட் அலகு ஒன்றோ நாளொன்றுக்குப் பதினாயிரம் டன் அளவில் கரியமிலவாயுவை வெளிவிடும். இருபதிலிருந்து பதினாயிரத்துக்குச் செல்வது இன்னொரு பயணம் என்பதை மறக்கலாகாது.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு நியமம் வேண்டும். இவ்வெளியீட்டில் கணக்கால் பெறப்பட்ட எண் எதுவாயினும், அதை அடுத்த வாக்கியத்திலேயே அதன் தலையாய நிபந்தனை வரவேண்டும். இடமில்லையென்றால் எண்ணையும் நீக்கிவிட வேண்டும். ஆங்கிலப் பதிப்பைவிடத் தமிழ்ப் பதிப்பு இரண்டு வரி நீண்டால் குறையொன்றுமில்லை. இந்நியமத்தை ஆசிரியர் குழுவினர் ஏற்பார்களென்று நம்புகின்றேன். என் மொழிபெயர்ப்புகளில் நான் இதை இப்போதே கைக்கொண்டுவிட்டேன்.

நான் தவறும் இடங்களும் இனி இருக்கும். அப்போது அந்தப் பௌதிக ஆசிரியரைப் போல எழுதிக் கேளுங்கள். வகுப்பில் ஒரு மாணவியோ, ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவரோ கேட்ட கேள்விக்கு எங்கள் வாக்கியத்தால் விடை கிடைக்கவில்லையென்றால், அந்த வாக்கியத்தில் ஏதோ ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கின்றது என்று கொள்ளுங்கள். அதைத் தேடிச் சேர்ப்பது எங்கள் கடமை.